ஒன்பது இருபதுக்குத் தவறிட்டார்

ஆமா தம்பி, மிலிட்டரிதான். முடியை வச்சே கண்டுபிடிச்சுட்டீங்க. ஆனா துப்பாக்கி தூக்கிச் சுட்ட ஆள்னு நினைச்சுக்காதீங்க. மெடிக்கல் கோர்ல கிளார்க்கு நான். இருபத்தி நாலு வருசம். சுபேதாரா வெளிய வந்தேன். பேரு சன்னாசி.

இல்ல, இல்ல, சன்னல் நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் காத்து வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்.

மெடிக்கல் கோர்ல கிளார்க்குக்கு என்ன வேலைன்னு எல்லாரும் கேப்பாங்க. ஜம்மு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ஆறு வருசம் இருந்தேன். அடிபட்டு வர்றவன் பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொன்னா, அவன் பேரை ஒரு லிஸ்ட்ல ஏத்தணும். ஏத்துன உடனே அவன் வீட்டுக்குத் தந்தி எழுதணும். செத்துட்டா இன்னொரு தந்தி. அதுதான் என் வேலை. எங்க கர்னல் சொல்லுவாரு, "சன்னாசி, மூணு வரிக்கு மேல போகாதே. நாலாவது வரி எழுதுனா அழுகை வந்துடும்." அழுகைன்னு அவர் சொன்னது எனக்கா, தந்தி படிக்கிறவங்களுக்கான்னு நான் கேட்டுக்கல. மூணு வரியில நிறுத்திப் பழகிட்டேன்.

அதுக்கப்புறம் மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேரு வேணாம். நிர்வாக அதிகாரின்னு போர்டு போட்டு ஒரு ரூம் குடுத்தாங்க. பெட் யாருக்கு, ஆம்புலன்ஸ் எங்க, லிஃப்ட் ஏன் நிக்குது, கேன்டீன்ல கரப்பான் பூச்சி, வார்டு பாய் ஏன் வரல, பிணவறைச் சாவி யார்கிட்ட, எல்லாம் எங்கிட்டதான். இருபது வருசம் பாத்தேன் தம்பி. ஒரு நாள் லேட்டா போனதில்ல.

அங்க ஒரு லேடி டாக்டர் இருந்துச்சு, சின்ன வயசு. ஒருத்தர் இறந்துபோனதைச் சொல்ல வெளிய வந்துட்டு, சொல்ல முடியாம அதுவே அழுதுருச்சு. சொந்தக்காரங்கதான் தண்ணி குடுத்துத் தேத்துனாங்க. பெரிய டாக்டருக்குக் கோபம். "இனிமே சன்னாசி சார் சொல்லட்டும். அவர் மிலிட்டரி"ன்னுட்டாரு. அன்னையில இருந்து அந்த வேலையும் எனக்கு. என் ரூம்லயே ரெண்டு நாற்காலி தனியாப் போட்டு வச்சேன். கூப்பிடுவேன், உக்காரச் சொல்லுவேன், மூணு வரி. குரல் ஏறாது, இறங்காது. எத்தனை பேருக்குச் சொன்னேன்னு எண்ணல. ரெஜிஸ்டர்ல இருக்கும்.

நர்ஸுங்க எல்லாம், "சார் சொன்னா யாரும் கத்துறதில்ல"ன்னு சொல்லுவாங்க. அது நெசம்.

உங்களுக்குப் போரடிச்சா சொல்லுங்க தம்பி. மேல சொல்லட்டுமா? சரி.

ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு நாள். ஐ.சி.யூ.வுல ஒரே பேர்ல ரெண்டு பேர். மு. தவசி, மு. தவசி. இனிஷியலும் ஒண்ணு. ஒருத்தர் பேரையூர் பக்கம், விவசாயம். இன்னொருத்தர் நத்தம் பக்கம், லாரி ஓட்டுறவரு. வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு. பேரையூர்க்காரர் ஆறாம் பெட், தேறிக்கிட்டு வந்தாரு. நத்தத்துக்காரர் ஒன்பதாம் பெட், அவருக்கு ரொம்ப முடியல. அன்னைக்குக் காலையில ஒன்பதாம் பெட் மெஷின் கோளாறு. ஆறாம் பெட் மெஷின் நல்லா ஓடுது. ரெண்டு பேரையும் இடம் மாத்திட்டாங்க. சரியான முடிவுதான், நான் குறை சொல்லல. ஆளுங்க மாறுனாங்க. கட்டில்ல தொங்குன ஃபைலு மாறல.

ஜான்சின்னு ஒரு நர்ஸ். ஒன்பதரை இருக்கும், போன் பண்ணுச்சு. "சார், ஆறாம் பெட் தவசி போயிட்டாரு. ஒன்பது இருபது."

ஆறாம் பெட் ஃபைலை எடுத்துட்டு வரச் சொன்னேன். பாத்தேன். பேரு தவசி. சரி. ஊரு பேரையூர், மனைவி பேரு பஞ்சவர்ணம். சரி. ரெண்டு தடவை பாத்தேன் தம்பி, ஒரு தடவை இல்ல. மைக்ல கூப்பிடச் சொன்னேன்.

அந்தம்மா அதோட தம்பியோட வந்துச்சு. ஒச்சுன்னு பேரு, நல்ல உயரமான ஆளு. உக்கார வச்சேன். சொன்னேன். "அம்மா, மனசைத் திடப்படுத்திக்கங்க. உங்க வீட்டுக்காரர் தவசி காலையில ஒன்பது இருபதுக்குத் தவறிட்டார். டாக்டருங்க செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாங்க."

ஒச்சு சுவத்துல கையை ஊனிக்கிட்டு நின்னாப்ல. அந்தம்மா கத்தல. கொஞ்ச நேரம் என் மேசையையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் முந்தானையை எடுத்து நெத்தியில இருந்த பொட்டை அழிச்சுச்சு. யாரும் சொல்லல. அதுவா அழிச்சுச்சு.

முகம் பாக்குறீங்களான்னு சிஸ்டர் வந்து கேட்டுச்சு. "ஊரு வரட்டும்மா, நான் தனியாப் பாக்க மாட்டேன்"னுச்சு. ஒச்சு ஊருக்குப் போன் போட்டாப்ல, வண்டி பேசப் போனாப்ல. உடம்பைத் துணி சுத்திக் குளிர் அறையில வச்சாச்சு. எல்லாம் முறைப்படிதான். அந்தம்மா வெளிய வேப்ப மரத்தடியில போய் உக்காந்துக்கிச்சு.

பத்து மணி இருக்கும், இன்னொரு தவசி, அந்த நத்தத்துக்காரர் வீட்டம்மா வந்துச்சு. மாரிக்கண்ணுன்னு பேரு. "சார், எங்க வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டுச்சு. மூணு நாளா அதே கேள்வி. ஒன்பதாம் பெட் ஃபைலை வரவழைச்சுப் பாத்தேன். நாடி, பிரஷர் எல்லாம் நேத்தைக்கு விட நல்லா இருக்கு. "தேவலைம்மா. நேத்துக்கு இன்னைக்கு நல்லா இருக்காரு"ன்னேன். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நேரா கேன்டீனுக்குப் போச்சு. மூணு நாளா டீயைத் தவிர ஒண்ணும் வாங்காத பொம்பளை. நாலு இட்லி சாப்பிட்டுச்சாம். ரெண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்குச்சாம். கேன்டீன் மாஸ்டர் பின்னாடி எங்கிட்ட சொன்னாப்ல.

ஒண்ணேகாலுக்கு வண்டி வந்துச்சு. ஒச்சு கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போயி துணியை விலக்குனாப்ல. "இது எங்க மச்சான் இல்லையே"ன்னு அங்கேயே நின்னு சொன்னாப்ல. சத்தம் போடல. வார்டு பாய்தான் ஓடி வந்தான் எங்கிட்ட.

அந்த நேரத்துக்குள்ள ஊருல பந்தல் போட்டாச்சு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியாச்சு. நம்ம பக்கந்தான் தெரியுமே, ஆளு போன மறு மணி நேரம் சுவத்துல சிரிச்சுக்கிட்டு இருப்பாரு.

பதட்டப்பட்டேனான்னு கேக்குறீங்க. இல்ல. ஒரு தப்பு நடந்துபோச்சுன்னா அடுத்து என்ன செய்யணுமோ அதைச் செய்யணும். மரத்தடிக்குப் போனேன். "அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரு. ஒன்பதாம் பெட்டுல இருக்காரு"ன்னேன்.

சந்தோசப்படும்னு நினைச்சேன். படல. என்னை அண்ணாந்து பாத்துச்சு. பாத்துட்டு ஒண்ணு சொல்லுச்சு. "நீங்க ஒரு எடத்துல திக்கியிருந்தாக்கூட, முகத்தைக் காட்டுங்கன்னு கேட்டிருப்பேன் சார். அம்புட்டு அமைதியாச் சொன்னீங்க. நம்பிட்டேன்."

அப்புறம் எந்திரிச்சு, குங்குமம் இருக்கான்னு கேட்டுச்சு. ஆபீஸ் ரூம்ல சாமி படத்துக்கிட்ட இருந்ததை ஒரு காகிதத்துல மடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன். பொட்டு கோணலா வந்துச்சு. அதோடயே ஐ.சி.யூ.வுக்குள்ள போச்சு.

அடுத்து மாரிக்கண்ணு. அதே நாற்காலி. அதே மூணு வரி. குரல் ஏறல, இறங்கல. அந்தம்மா கேட்டுச்சு, "எத்தனை மணிக்கு சார்?" ஒன்பது இருபதுன்னேன். "நான் உங்ககிட்ட வந்து கேட்டப்ப?" ஆமாம்மா, அதுக்கு முந்தியே. "அப்ப நான் இட்லி சாப்பிட்டப்ப?" ஆமாம்மான்னேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்? அந்தம்மா அந்த எடத்துலயே வாந்தி எடுத்துருச்சு. ஆளைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னேன்.

விசாரணை வச்சாங்க. என் மேல தப்பில்லன்னு எழுத்துல குடுத்தாங்க. ஃபைல் சரி பாத்தீங்களான்னு கேட்டாங்க, பாத்தேன்னு சொன்னேன். ஜான்சிக்கு வேலை போச்சு. நல்ல பொண்ணுதான். ஆர்டரை நான்தான் டைப் அடிச்சேன். பன்னெண்டு பெட்டுக்கு அன்னைக்கு ரெண்டே நர்ஸு. டூட்டி சார்ட் போடுறது என் வேலை. அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல. கேக்காததுக்குப் பதில் சொல்றது மிலிட்டரியில பழக்கமில்ல.

தூக்கம் வரலையான்னு என் வீட்டுக்காரி கேப்பா, அந்த வாரம். நல்லாத் தூங்குனேன் தம்பி. அதுல ஒண்ணும் குறையில்ல.

அவளும் போயிட்டா. அடுத்த வருசமே. ஈஸ்வரின்னு பேரு. அதே ஆஸ்பத்திரிதான், எனக்குச் சலுகை உண்டு. கிட்னி. பதினோரு நாள் இருந்தா. பகல்ல எனக்கு ஆபீஸ் வேலை இருக்கும், மக வெண்மதி கோயம்புத்தூர்ல இருந்து வந்து கூடவே இருந்தா. அன்னைக்கு மூணு மணிக்கு வார்டுல இருந்து போன். நான் ஃபைலை வாங்கிப் பாத்துக்கிட்டுத்தான் மேல போனேன். இந்தத் தடவை கையில கட்டுன பட்டையையும் சரி பாத்தேன். பேரு, வயசு, நம்பர். எல்லாம் சரி. வெண்மதி கட்டில் பக்கத்துல அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் சொன்னேன். "வெண்மதி, மனசைத் திடப்படுத்திக்க. அம்மா ரெண்டு ஐம்பதுக்குத் தவறிட்டா. டாக்டருங்க செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சாங்க."

அவ என்னையே பாத்தா. "அப்பா, நான் பக்கத்துலதானப்பா இருந்தேன்"ன்னா.

தெரியும்னேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

பதினாறாம் நாள் முடிஞ்சு கோயம்புத்தூர் போனவதான். பேங்க்ல வேலை. போன் பண்ணுனா எடுக்குறதில்ல. பேங்க் வேலை உங்களுக்குத் தெரியுமே, தலை நிமிர நேரம் இருக்காது. அஞ்சு வருசமா அப்படித்தான். தீபாவளிக்கு ஒரு மெசேஜ் வரும்.

கண்டக்டர் சில்லறை குடுத்துட்டாரா உங்களுக்கு? சரி, சரி.

இன்னைக்கு எங்க போயிட்டு வர்றேன்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். போன வாரம் ஒரு போன். "சார், நான் ஒச்சு. பேரையூர் பக்கம். ஞாபகம் இருக்கா?" இருக்குன்னேன். மச்சான் தவறி ஒன்பது நாளாச்சு சார்னாப்ல. அந்த ஆளு அதுக்கப்புறம் ஆறு வருசம் நல்லா இருந்திருக்காரு. பருத்தி போட்டிருக்காரு, மகளைக் கட்டிக் குடுத்திருக்காரு. தன்னோட அஞ்சலி போஸ்டர்ல ஒண்ணைப் பிச்சு வீட்டுல ஒட்டி வச்சுக்கிட்டு, வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டிச் சிரிப்பாராம். இப்ப நெசமாவே போயிட்டாரு. வீட்டுல வச்சே.

"அக்கா நம்ப மாட்டேங்குது சார்"னாப்ல. "பொட்டு வச்சுக்கிட்டே உக்காந்திருக்கு. வாய் விட்டு அழல. அன்னைக்கும் எல்லாரும் செத்துட்டாருன்னுதான சொன்னீங்க, சாயங்காலம் ஆள் வந்து இல்லன்னு சொல்லுவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. அந்த மிலிட்டரி சார் வந்து சொல்லட்டும், அப்பத்தான் நெசம்ங்குது. ஒரு தடவை வந்து சொல்லிட்டுப் போங்க சார்."

ரிட்டயர் ஆயாச்சு எனக்கு. போகணும்னு கட்டாயம் இல்ல. ஆனாலும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டுப் போனேன்.

கூரைக்குக் கீழ நாலஞ்சு பொம்பளைங்க இருந்தாங்க. நான் போனதும் எந்திரிச்சு வழி விட்டாங்க. அந்தம்மா உள்ள தரையில உக்காந்திருந்துச்சு. முடி முழுக்க நரைச்சுப் போச்சு. நெத்தியில பெரிய பொட்டு. எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்க. உக்காந்தேன்.

"அம்மா, மனசைத் திடப்படுத்திக்கங்க"ன்னேன். அந்தம்மா தலையை ஆட்டுச்சு.

"உங்க வீட்டுக்காரர் தவசி..."

அதுக்கு மேல வரல தம்பி. அழுகை இல்ல, தப்பா நினைக்காதீங்க. மணி தெரியல எனக்கு. எத்தனை மணிக்குன்னு சொல்லணும், தெரியல. கையில ஃபைல் இல்ல. டாக்டருங்க எல்லாம் செஞ்சாங்கன்னு சொல்லணும், டாக்டரே இல்ல. ஒச்சுவைத் திரும்பிப் பாத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாப்ல.

அந்தம்மாதான் கேட்டுச்சு. "முகத்தைப் பாத்தீங்களா சார்?"

"இல்லம்மா"ன்னேன். அப்புறம் என்ன தோணுச்சோ, "அன்னைக்கும் பாக்கலம்மா. ஃபைலைத்தான் பாத்தேன். ஐ.சி.யூ. என் ரூமுக்கு மேல் மாடி. ஏறிப் போய் ஒரு நிமிசம் பாத்திருக்கலாம். பாக்கல"ன்னு சொல்லிட்டேன். விசாரணையில கூட சொல்லாததை அங்க அத்தனை பொம்பளைங்க முன்னாடி சொன்னேன். ஏன்னு தெரியல.

வெளிய ஒரு பிள்ளையை யாரோ அதட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்தம்மா என் பக்கமா நகந்து வந்து உக்காந்து, எனக்குச் சொல்லுச்சு. நான் சொல்ல வந்த ஆளு. அது எனக்குச் சொல்லுச்சு.

"நான் பாத்தேன் சார். வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்தா, அந்தக் கட்டில்லதான் உக்காந்திருந்தாரு. காலு சில்லுன்னு இருக்குன்னாரு. போர்வையை எடுக்க எந்திரிச்சேன், அதுக்குள்ள ஒரு பக்கமாச் சாஞ்சுட்டாரு. மடியில தூக்கிப் போட்டுக்கிட்டேன். கண்ணு தொறந்தே இருந்துச்சு, நான்தான் மூடினேன். தாடையைக் கட்டுனதும் நான்தான். என் கை எல்லாம் வெங்காய வாடை. அவரு முகமெல்லாம் அந்த வாடைதான் அடிச்சுச்சு. அவரேதான் சார். வேற யாரும் இல்ல. செத்துப்போயிட்டாரு."

அதைச் சொல்லும்போதுதான் அதுக்குக் குரல் உடைஞ்சுச்சு. பொம்பளைங்க எல்லாம் ஓடி வந்து பிடிச்சுக்கிட்டாங்க. அப்படி ஒரு அழுகை தம்பி. அத்தனை நாள் அழுகை. ஒச்சு வெளிய போயிட்டாப்ல. நான் நாற்காலியிலேயே உக்காந்திருந்தேன். எந்திரிக்கணும்னு தோணல.

கொஞ்சம் அடங்குனதும் நான் ஒண்ணு கேட்டேன். அந்த எடத்துல கேக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட உக்காந்த அத்தனை பேரும் என்னைக் கேட்ட கேள்விதான் அது. கேக்கும்போதெல்லாம், அது ஃபைல்ல இருக்காதும்மான்னு சொல்லி அனுப்பிருவேன். "கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா மூக்கைச் சிந்திட்டு யோசிச்சுச்சு. "போர்வை எடுக்கப் போறப்ப, பெட்டிக்கு மேல இருக்கு பாருன்னாரு. அவ்வளவுதான்"னுச்சு. சொல்லிட்டு லேசா சிரிச்சுச்சு. அழுதுக்கிட்டே சிரிச்சுச்சு.

காப்பி குடுத்தாங்க. குடிச்சேன். சொல்லிக்காம கிளம்பணும், சாவு வீடு பாருங்க. சொல்லிக்காம கிளம்பி வந்து பஸ் ஏறிட்டேன். ஏறுனதுல இருந்து அதையேதான் நினைச்சுக்கிட்டு வர்றேன். ஈஸ்வரியும் ஏதாச்சும் சொல்லியிருப்பாள்ல? பதினோரு நாள்ல கடைசி நாள். எனக்குத் தெரியாது. அஞ்சு வருசமா அப்படி ஒண்ணு இருக்கும்னே எனக்குத் தோணல, பாத்துக்கங்க. நான் கீழ ஆபீஸ்ல ஏதோ பெட் லிஸ்ட் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். வெண்மதிக்குத் தெரியும்.

இப்ப என்ன, திருமங்கலம் தாண்டிருச்சா? மணி எத்தனை? நாலே முக்காலா? பேங்க்ல இந்நேரம் கூட்டம் குறைஞ்சிருக்கும்ல?

என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா. வேலை மும்முரம்னு சொன்னேனே, அது... சரி விடுங்க. எடுக்க மாட்டா. தெரியாத நம்பர்னா எடுப்பா. உங்க போனைக் கொஞ்சம் குடுக்குறீங்களா தம்பி? இல்ல, நீங்களே அடிங்க, நம்பர் சொல்றேன், எனக்கு மனப்பாடம். எடுத்தா எங்கிட்டக் குடுங்க.

சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. கேக்கணும்.